தி ஜிப்சி காடெஸ்

தி ஜிப்சி காடெஸ், மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2014 ஆம் ஆண்டு வெளிவந்த புதினம் ஆகும். கவிஞராக அறியப்பட்டிருந்த இவருடைய முதல் புதினம் இது. கீழ்வெண்மணிப் படுகொலையைக் களமாகக் கொண்ட இந்நூல், புனைவுக்கும் ஆவணத்துக்கும் இடையிலான எல்லையை வேண்டுமென்றே கலைத்துவிடுகிறது. தமிழில் 'குறத்தியம்மன்' என்ற பெயரில் வெளிவந்துள்ளது.

வரலாற்றுப் பின்னணி

1968 டிசம்பர் 25 அன்று இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கோரிப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், தஞ்சம் புகுந்த குடிசையோடு எரித்துக் கொல்லப்பட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலக்கிழார்களுக்கு 1970 இல் கீழ் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. 1973 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இத்தனை செல்வந்தர்கள் தாங்களே நடந்து சென்று வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

வடிவம்

புதினத்தின் வடிவம் இத்தீர்ப்பிலிருந்தே பிறக்கிறது எனலாம். நேரில் கண்டவர்களின் சொல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. செல்வாக்குள்ளவர்களின் தாள்கள் நின்றன. எனவே நூல் அத்தகைய தாள் ஒன்றைக் கொண்டே, அதாவது நிலக்கிழார் சங்கத் தலைவர் முதலமைச்சருக்கு எழுதும் மனுவைக் கொண்டே, தொடங்குகிறது. பொதுவுடைமையாளர்களால் தாங்கள் துன்புறுவதாக அதில் முறையிடப்படுகிறது. மனுவின் பணிவான அலுவல் நடையே அதை எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்துக் கதைசொல்லி குறுக்கிடுகிறார். வாசகரோடு வாதிடுகிறார், தாம் கைவிட்ட தலைப்புகளைப் பற்றிப் பேசுகிறார், கதையைத் தொடங்காமல் காலம் கடத்துகிறார். இப்பகுதி வாசகரின் பொறுமையைச் சோதிக்கிறது என்று விமர்சகர் சிலர் குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் படுகொலையை விவரிக்கும் அத்தியாயத்தில் இந்த விளையாட்டு முற்றிலும் நின்றுவிடுகிறது. முற்றுப்புள்ளி இன்றி ஓடும் அவ்வத்தியாயத்தில் வாசகர் மூச்சுவிட இடமில்லை. பின்னர், கருகிய உடல்களை ஒவ்வொன்றாக விவரிக்கும் அலுவல்முறைப் பட்டியல் வருகிறது. உணர்ச்சியற்ற அந்த நடையே நூலில் தாங்கிக்கொள்ள மிகக் கடினமானது.

தனி நாயகன் எவரும் இப்புதினத்தில் இல்லை. மாயி என்னும் முதிய பெண் நினைவில் நிற்கும் பாத்திரம் எனினும், கதையைத் தாங்கிச் செல்வது ஊரே.

தொடர்புடைய படைப்புகள்

இதே நிகழ்வை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977 ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்றது. நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கியதற்காக அது கண்டிக்கப்பட்டது. மீனா கந்தசாமி அவ்வழியில் செல்லவில்லை. கூலி, சாதி, நிலவுடைமை, சட்டம் ஆகியவற்றிலேயே காரணத்தைத் தேடுகிறார்.