பழுதுபார்க்க உத்தரவிடுவது யார்? எவலின் விட்கினின் ஆய்வு வாழ்க்கை

1941ஆம் ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகம் ஏழு மாணவர்களை மூன்று மாதங்களுக்கு இடைநீக்கம் செய்தது. அனுமதி பெறாமல் மனு ஒன்றுக்குக் கையெழுத்துத் திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லியனார்ட் பேட்ஸ் என்ற கறுப்பின வீரர் இருந்தார். 1940இல் மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்துக்கு அவரை அழைத்துச் செல்லாமல் விட்டுவிட்டார்கள். நிறவெறி கோலோச்சிய மாநிலங்களின் அணிகளோடு மோதும்போது கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைப்பது அன்றைய எழுதப்படாத ஒப்பந்தம். அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்களே அந்த எழுவர். அவர்களில் ஒருவர் எவலின் மைசல் என்ற உயிரியல் மாணவி.

இடைநீக்கத்தால் அவருடைய பட்டம் சில மாதங்கள் தள்ளிப்போனது. அங்கேயே மேற்படிப்பைத் தொடரும் எண்ணத்தைக் கைவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கியிடம் மாணவியாகச் சேர்ந்தார். திருமணத்துக்குப் பிறகு எவலின் விட்கின் என்று அறியப்பட்டவர் இவர்தான். டி.என்.ஏ. சேதமடைந்ததை ஒரு செல் எப்படி உணர்கிறது, எந்தப் புரதங்களைக் கொண்டு பழுதுபார்க்கும் வேலையை முடுக்குகிறது என்ற கேள்விகளுக்கான வழியைத் திறந்தது இவருடைய ஆய்வு.

1944 கோடையில் லாங் தீவிலுள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்குப் போனார். டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்று ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய சகாக்களும் காட்டிய கட்டுரை அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்தது. அதன் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. ஈ. கோலை பாக்டீரியாவின்மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சிச் சடுதிமாற்றங்களை உண்டாக்குவது விட்கினுக்குத் தரப்பட்ட வேலை. முதல் சோதனையிலேயே கதிரின் அளவு கூடிப்போனது. தட்டிலிருந்த பாக்டீரியாக்கள் ஏறக்குறைய முழுவதும் மடிந்தன. நான்கு மட்டும் பிழைத்துப் பெருகியிருந்தன.

அளவு பிசகிவிட்டது என்று தட்டைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். இந்த நான்கும் ஏன் பிழைத்தன என்று அவர் கேட்டார். அவற்றின் வழித்தோன்றல்களும் கதிரைத் தாங்கின. ஆகவே தாங்கும் திறன் மரபுவழி வருவது. நுண்ணோக்கியில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கதிர் பட்ட சாதாரண பாக்டீரியா இரண்டாகப் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போனது. தாங்குதிறன் கொண்டவையோ வழக்கம்போலப் பிரிந்தன. இந்த நூல் வடிவத்தின் பொருளைப் புரிந்துகொள்ள அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1947இல் முனைவர் பட்டம். 1949இல் முதல் குழந்தை. ஆராய்ச்சியா குழந்தையா என்ற கேள்வி ஆண் ஆய்வாளர்கள் முன் வைக்கப்படாத காலம் அது. பெண்கள் முன் அது மட்டுமே வைக்கப்பட்டது. கார்னகி நிறுவனத்தின் தலைவர் வன்னேவர் புஷ், விட்கின் பகுதிநேரமாகப் பணியாற்ற அனுமதித்தார். ஆய்வு நின்றுபோகாமல் தொடர்ந்தது. அதே வளாகத்தில் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் மரபணுக்கள் இடம் மாறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். பலர் அதைப் புரிந்துகொள்ளாமல் ஒதுக்கிய ஆண்டுகளில், உடனிருந்து பின்தொடர்ந்த மிகச் சிலரில் விட்கினும் ஒருவர். மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற சிந்தனை அந்த நட்பின் ஊடே ஓடியது.

1955இல் விட்கின் புரூக்ளினிலிருந்த நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு மாறினார். அங்கிருந்து 1967இல் எழுதிய கட்டுரைதான் அந்த நூல் வடிவத்துக்கு விளக்கம் சொன்னது. லாம்டா என்ற வைரஸ் ஈ. கோலையின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து உறங்கிக் கிடக்கும். ஓர் அடக்கிப் புரதம் அதை எழவிடாமல் வைத்திருக்கும். புறஊதாக் கதிர் பட்டால் அந்தப் பிடி தளர்ந்து வைரஸ் விழித்துக்கொள்ளும். பாக்டீரியா நூலாக நீள்வதும் அதே கதிரால், ஏறக்குறைய அதே சூழலில் நடப்பதை விட்கின் கவனித்தார். அப்படியானால் பாக்டீரியாவின் சொந்த மரபணுக்களிலும் சில இதுபோன்ற அடக்கிப் புரதத்தின் பிடியில் இருக்க வேண்டும், டி.என்.ஏ. சேதமடையும்போது அவை விடுபட வேண்டும் என்று ஊகித்தார்.

பிரஸ்ஸல்ஸிலிருந்த மிரோஸ்லாவ் ராட்மனும் இதே திசையில் சிந்தித்தார். கப்பல்களின் ஆபத்து அழைப்பை நினைவூட்டும்படி இந்த ஏற்பாட்டுக்கு ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று பெயரிட்டார். 1970களில் இருவரின் ஆய்வுகளும் அதை நிலைநாட்டின. பிற ஆய்வாளர்களின் உழைப்பும் சேர்ந்து முழுப் படம் துலங்கியது. லெக்ஸ்ஏ என்ற புரதம் நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை அடக்கிவைத்திருக்கிறது. டி.என்.ஏ. சேதமடைந்து ஒற்றை இழையாக வெளியே தெரியும்போது, ரெக்ஏ என்ற புரதம் அந்த இழைமீது வரிசையாக ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய ரெக்ஏயைத் தொட்டதும் லெக்ஸ்ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அடக்கம் விலகுகிறது. பழுதுபார்க்கும் புரதங்கள் உருவாகின்றன. வேலை முடியும்வரை செல் பிரியாமல் தடுக்கும் புரதமும் உருவாகிறது. 1944இல் விட்கின் கண்ட நூல்கள், பழுது நீங்கக் காத்திருந்த செல்கள்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. கதிர் பட்ட இடத்தில் டி.என்.ஏ. தானாக மாறிவிடுகிறது என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். சேதம் மிகும்போது, பிழை நேர்ந்தாலும் பரவாயில்லை என்று சேதத்தைத் தாண்டிப் படியெடுக்கும் நொதிகளைச் செல்லே இறக்குகிறது. பெரும்பாலான சடுதிமாற்றங்கள் அதன் விளைவு என்று விட்கினின் ஆய்வு காட்டியது.

பாக்டீரியாவில் தொடங்கிய இந்தக் கதை நம் உடல்வரை நீள்கிறது. ரெக்ஏவின் மனித உறவு ராட்51 என்ற புரதம். உடைந்த டி.என்.ஏ.மீது ராட்51ஐக் கொண்டுபோய் அமர்த்துவது பி.ஆர்.சி.ஏ.2. பி.ஆர்.சி.ஏ.1 புரதமும் இதே செப்பனிடும் பணியில் பங்குகொள்கிறது. இவற்றின் மரபணுக்களில் பிறவியிலேயே பழுதிருந்தால் மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. பி.ஆர்.சி.ஏ.1 பதினேழாம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990இல் காட்டியவர் மேரி-கிளேர் கிங். தாய்க்கும் சித்திக்கும் வந்த நோய் தனக்கும் வருமோ என்று அஞ்சும் பெண் இன்று செய்துகொள்ளும் மரபணுப் பரிசோதனைக்குப் பின்னால் இந்த நெடிய வரலாறு இருக்கிறது.

2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, டி.என்.ஏ. பழுது எப்படி நீக்கப்படுகிறது என்பதை ஆராய்ந்த மூன்று ஆண்களுக்குக் கிடைத்தது. அவர்கள் தகுதியானவர்கள்தாம். சேதத்தை உணர்ந்து அந்த வேலையை முடுக்கும் ஒழுங்கமைப்பைக் கண்டறிந்த விட்கினுக்கு அதே ஆண்டு லாஸ்கர் விருது வந்தது. யீஸ்ட்டிலும் மனிதச் செல்லிலும் அதை விரித்துக் காட்டிய ஸ்டீபன் எலெட்ஜோடு பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 94. அவரை இடைநீக்கம் செய்த பல்கலைக்கழகம் அந்த எழுவரைக் கௌரவித்தது 2001இல். அறுபது ஆண்டுகள் கழித்து. 2023இல் தன் 102ஆம் வயதில் விட்கின் மறைந்தார்.

தடைகளை வென்ற தனியொரு பெண்ணின் சாதனை என்று இந்த வாழ்க்கையைச் சொல்லி முடிப்பது எளிது. ஆனால் 1949இல் ஒரு மேலதிகாரி மறுத்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும். அவர் சம்மதித்தார் என்பது விட்கினுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. பகுதிநேர வேலை அவருடைய அறிவியலை எந்த வகையிலும் குறைக்கவில்லை என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் மெய்ப்பித்தன. அப்படியொரு சம்மதம் கிடைக்காமல் அதே ஆண்டுகளில் ஆய்வகத்தைவிட்டு வெளியேறிய பெண்கள் எந்தக் கேள்விகளைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. பிள்ளை பெற்ற பெண் தன் ஆய்வுக்குத் திரும்பிவரும் வழி, மேலே இருப்பவரின் பெருந்தன்மையாக இல்லாமல் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.