செங்கீழ்க் கதிரும் விண்மீன்களின் வயதும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. விண்மீன்களின் வயதை மனிதன் அறிந்த கதையையும் அவ்வாறு எழுத முற்படுவோர் 1943ஆம் ஆண்டினை விளக்க இடர்ப்படுவர்.

அவ்வாண்டில், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்தில் வால்டர் பாடே 100 அங்குலத் தொலைகாட்டியை அந்திரோமீடா மண்டலத்தின் மையத்தை நோக்கித் திருப்பினார். ஹபிள் முதலியோர் யுத்தப் பணிகளுக்குச் சென்றிருந்தனர். ஜேர்மன் பிரசையான பாடே 'பகைநாட்டவர்' என வகைப்படுத்தப்பட்டமையால் அப்பணிகளில் அவருக்கு இடமிருக்கவில்லை. ஒளிக்கட்டுப்பாட்டினால் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர விளக்குகளும் மங்கியிருந்தன. யுத்தம் அவருக்கு இருளையும் அவகாசத்தையும் ஒருங்கே அளித்தது எனலாம். நீல ஒளியை உணரும் தகடுகளில் வெறும் ஒளிப்புகையாகத் தோன்றிய அம்மையம், சிவப்பொளியை உணரும் தகடுகளில் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்தது. 1944இல் அவர் விண்மீன்களை இரு குடித்தொகைகளாக வகுத்தார்: சுருட்கரங்களில் நீல நிறத்தன, மையத்திற் செந்நிறத்தன. பின்னையவை முதியவை என்பது அடுத்த பத்தாண்டுகளில் தெளிவாயிற்று.

பெருந்திணிவுடைய நீல விண்மீன் தன் எரிபொருளைச் சில கோடி ஆண்டுகளில் தீர்த்துவிடும். சூரியனை ஒத்தது ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள் நிலைக்கும். ஆகவே புதுப்பிறப்பு ஓய்ந்த மண்டலத்தில் செந்நிறத்தனவே எஞ்சும். அவற்றின் ஒளி மிகுதியாக வெளிப்படுவது, 1800இல் வில்லியம் ஹேர்ஷல் வெப்பமானி கொண்டு கண்டறிந்த, செந்நிறத்துக்கு அப்பாலான பகுதியிலாகும். விண்தூசியையும் அக்கதிர் பெருமளவு ஊடுருவும்.

எனினும் செந்நிறம் மட்டும் முதுமைக்குச் சான்றாகாது. பார மூலகங்கள் மிக்க இளைய மண்டலமும் சிவந்தே தோன்றும். (ஒரேயொரு சொல்வழக்கைக் கொண்டு பழந்தமிழ் நூல்களின் காலத்தை முடிவுகட்டுவோர் இவ்விடத்திற் சிறிது நின்று சிந்தித்தல் நன்று.) கட்புல ஒளியையும் அண்மைச் செங்கீழ்க் கதிரையும் ஒருங்கே அளக்கும்போதே இவ்விரண்டும் ஓரளவேனும் வேறுபிரித்து அறியப்படும்.

அளப்பதற்குக் கருவி வேண்டும். 1960களில் நியூகெபவரும் லெய்டனும் 2.2 மைக்ரோன் அலைநீளத்தில் வானை அளந்து, 1969இல் 5,000க்கு மேற்பட்ட பொருள்களைப் பட்டியலிட்டனர். அவர்கள் பயன்படுத்திய ஈயச் சல்பைட்டு உணரி, இரண்டாம் உலக யுத்தகால ஜேர்மனியில் படைத்தேவைக்காக வளர்க்கப்பட்டது. பின்னர் விமானத்தின் வெப்பத்தை நாடிச் செல்லும் ஏவுகணைகளிலும் அதுவே பொருத்தப்பட்டது. பின்வந்த இரசம், கட்மியம், தெலூரியம் சேர்ந்த உணரிகளின் பிறப்பும் படைத்துறையின் நிழலிலேயே நிகழ்ந்தது. 'தூய விஞ்ஞானம்' என்னுந் தொடரை நாம் ஐயத்துடனேயே கையாள வேண்டியுள்ளது.

புவியியலும் ஒரு காரணியே. வளியிலுள்ள நீராவி இக்கதிரை உறிஞ்சுவது. கண்டியை அடுத்த ஹுன்னஸ்கிரியவில் தேயிலைக்கு உகந்த ஈரமும் மூடுபனியும் இவ்வாய்வுக்குப் பகையாகும். இந்தியா லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீற்றர் உயர வறண்ட நிலத்தில் 2 மீற்றர் தொலைகாட்டியை நிறுவியமை இதனாலேயே. தாதா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கிய அண்மைச் செங்கீழ் நிறமாலைமானி 2013இல் அதிற் பொருத்தப்பட்டது. நமது நாட்டுக்கு 1996இல் ஜப்பான் வழங்கிய 45 சதமமீற்றர் தொலைகாட்டியோ கரையோர மொறட்டுவையில் நிறுவப்பட்டது.