துறைமுகம் இல்லாக் கரையில் ஒரு புயல்

புயல் வேளையில் எந்தத் துறைமுகமானாலும் சரி என்னும் ஆங்கில மரபுத்தொடர், நெருக்கடியில் சிக்கியவர் வசதியும் தகுதியும் பாராமல் கிடைத்த புகலிடத்தைப் பற்றிக்கொள்வதைக் குறிக்கிறது. கடலோடிகளின் வாழ்விலிருந்து பிறந்த இத்தொடர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் ஊழியராக இருந்த ஜான் கிளீலண்ட் எழுதி 1748–49இல் லண்டனில் வெளியான நாவலில் அச்சேறியது. அந்த 1749ஆம் ஆண்டிலேயே, ஒதுங்கத் துறைமுகம் எதுவும் இல்லாத கடலூர்க் கரையில் ஆங்கிலேயக் கப்பற்படை புயலிடம் சிக்கியது.

திருநாவுக்கரசர் கல்லோடு கடலில் இடப்பட்டு மிதந்து கரையேறியதாகப் பெரியபுராணம் கூறும் திருப்பாதிரிப்புலியூரை ஒட்டி ஓடும் கெடிலம், தேவனாம்பட்டினத்தருகே கடலில் கலக்கிறது. அங்கே 1690இல் மராட்டியரிடமிருந்து கம்பெனி வாங்கிய புனித டேவிட் கோட்டை, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான பின், சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாயிற்று. முகத்துவாரத்தை மணல்திட்டு மறித்ததால் பெரிய கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்கு என்னும் படகுகளே அலை தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. கரை நோக்கிப் புயல் வீசும்போது நங்கூர வடம் அறுந்தால் கப்பல் தரைதட்டிச் சிதறும் என்பதால், வடத்தை முன்னதாகவே வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு விலகுவதே மாலுமிகள் கண்ட தற்காப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போர்க்கப்பல்கள் இக்கரையை விட்டு அகன்றதும் இதனாலேயே.

பருவம் தப்பி 1749 ஏப்ரலில் வந்த புயலோ அந்த அவகாசத்தைத் தரவில்லை. அட்மிரல் பாஸ்கவனின் தலைமைக் கப்பலும் 74 பீரங்கிகள் கொண்டதுமான நமூர், கோட்டைக்கு அருகே 500க்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. பெம்ப்ரோக் என்னும் போர்க்கப்பலும் அப்பல்லோ என்னும் மருத்துவக் கப்பலும் அழிந்தன. பாஸ்கவன் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். தேவிக்கோட்டையைக் கைப்பற்றப் புறப்பட்டிருந்த கம்பெனிப் படையின் கூடாரங்கள் கிழிந்து பறந்தன, வண்டி மாடுகள் மடிந்தன, தளவாடங்கள் பாழாயின. அப்படை பரங்கிப்பேட்டையில் தங்கித் தன்னைச் சீர்செய்துகொள்ள நேர்ந்தது.

புயலுக்கு ஒதுங்க இயற்கைத் துறைமுகம் ஒன்று வேண்டும் என்ற தேவையே, வங்கக் கடலில் ஆதிக்கம் நாடிய இரு வல்லரசுகளையும் திருகோணமலையை நோக்கித் திருப்பியது. டச்சுக்காரரிடமிருந்து 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பறித்த அத்துறைமுகத்தை, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் கைப்பற்றினார். 1795இல் ஆங்கிலேயர் அதை மீண்டும் வசப்படுத்தினர்.

(தொடரும்)