நாஞ்சில் நாட்டுத் தொடக்க வகுப்புக் கல்வி

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாட்டிலும், அதை ஒட்டிய கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்ட முறைகளின் வரலாறு. இது ஆசான் பள்ளி, மிஷன் பள்ளி, திருவிதாங்கூர் அரசுப் பள்ளி, 1956-க்குப் பிந்திய தமிழக அரசுப் பள்ளி என்று நான்கு கட்டங்களாக நடந்தது. குழந்தையின் வேகத்தை மதித்த முறை இங்கே முன்பே இருந்தது, ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அதில் இடமில்லை. எல்லாருக்கும் இடம் கிடைத்தபோது அந்த வேகம் மறக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவரும் முயற்சியே அண்மைக் காலத்தின் கதை.

ஏடு தொடக்கம்

விஜயதசமியன்று குழந்தையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் முதலெழுத்தை எழுதவைப்பது திருவிதாங்கூர் முழுவதும் வழங்கிய சடங்கு. பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் நவராத்திரிக்கு ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் சென்று திரும்புகின்றன. அந்தச் சரஸ்வதியைக் கம்பர் வழிபட்டார் என்பது வழிவழிச் செய்தி.

சடங்கு முடிந்தால் ஆசான் பள்ளி. வீட்டுத் திண்ணையோ கோயில் மண்டபமோ அதற்குப் போதும். ஆசான் தரையில் மணலைப் பரப்பி, குழந்தையின் சுட்டுவிரலைத் தன் கையால் பிடித்து அகரத்தை இழுப்பார். குழந்தை வாயால் சொல்லிக்கொண்டே அதே தடத்தின் மேல் பலமுறை விரலை ஓட்டும். தவறினால் உள்ளங்கையால் மணலைத் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கொடுப்பார்கள். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று படிப்பு ஏறும். முந்திரி, காணி முதலான கீழ்வாய் இலக்கங்கள் மனப்பாடமாகும்.

இங்கே வகுப்பு என்ற பிரிவு கிடையாது. ஒரு சுவடியை முடித்த பிள்ளை அடுத்ததை எடுப்பான், முடிக்காதவன் அதிலேயே இருப்பான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் கேட்பான். தண்டனைகளோ கடுமையானவை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் அவற்றுள் பேர்போனது. பெண் குழந்தைகள் மிக அரிதாகவே வந்தார்கள். சாதிப் படியில் கீழே வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பொதுவாகத் திண்ணை ஏற அனுமதியில்லை.

கடல் கடந்த மணல்

1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண்பிள்ளைகள் அனாதை விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் ஏற்றார். மலபார்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதை ஒருநாள் கண்ட அவர், விடுதியிலும் அதைக் கொண்டுவர நினைத்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அது நன்றாக நடந்தது. 1797-இல் அவர் இதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் 'மதராஸ் முறை' இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஆனால் பெல்லின் முறையில் ஒரே மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தும் சிக்கனமே முதன்மை பெற்றது.

மிஷன் பள்ளிகள்

மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று லண்டன் மிஷன் சங்கத்தின் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806-இல் அங்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. சபைகளை ஒட்டிப் பள்ளிகளும் தோன்றின. 1818-இல் வந்த சார்லஸ் மீட் மிஷனின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கு வளர்ந்த செமினரியே பிற்காலத்தில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியானது. 1819-இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியின் வழிவந்தது டதி பள்ளி. அதை நடத்திய மார்த்தா மால்ட் சிறுமிகளுக்கு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது. பெண்கள் சொந்தமாகச் சம்பாதிக்கவும் வழி செய்தது.

மிஷன் பள்ளியின் பெரிய மாற்றம் கற்பிக்கும் முறையைவிட, யார் கற்கிறார்கள் என்பதில் நிகழ்ந்தது. பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822 முதல் 1859 வரை அலை அலையாக நடந்த காலத்தில், அதில் ஈடுபட்ட வீட்டுப் பிள்ளைகள் பலகைக்கு முன் உட்கார்ந்தார்கள். அச்சிட்ட புத்தகம், மணி அடித்து மாறும் பாடவேளை, வயதுக்கு ஏற்ற வகுப்பு ஆகியன இந்தப் பள்ளிகள் வழியே இயல்பாயின.

அரசும் மொழியும்

1817-இல் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். நடைமுறை மெதுவாகவே வந்தது. 1860-களில் திவான் மாதவ ராவ் காலத்தில்தான் தாய்மொழிப் பள்ளிகள் ஊர்தோறும் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி நடத்திய போராட்டங்கள் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக் கதவைத் திறக்கச் செய்தன.

தமிழ் பேசும் வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆட்சிமொழி மலையாளம் என்பதால், வீட்டில் கேட்காத மொழியில் முதலெழுத்தைக் கற்ற பிள்ளைகள் பலர். தேரூரில் 1876-இல் பிறந்த கவிஞர் தேசிகவிநாயகம் பிள்ளை ஊர்ப் பள்ளியில் மலையாளமே படித்தார். வாணன்திட்டு மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம்தான் தமிழ் கற்றார். கோட்டயத்தில் சிறுவயதைக் கழித்து நாகர்கோவிலுக்குத் திரும்பிய எழுத்தாளர் சுந்தர ராமசாமி, பதினெட்டு வயதுவாக்கில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். ஒரு சிறுவனின் கண்வழியே அந்தக் கோட்டயத்தைச் சொல்வது 1998-இல் வந்த அவருடைய 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நாவல். 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதன்பின் தமிழ்வழித் தொடக்கக் கல்வி உறுதியானது. மலையாளவழிப் பள்ளிகளும் விளவங்கோடு பக்கம் தொடர்ந்தன.

கவிமணி

கவிமணி என்று பெயர்பெற்ற தேசிகவிநாயகம் பிள்ளை முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியர். கோட்டார் தொடக்கப் பள்ளியிலும் நாகர்கோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் வேலை பார்த்த பிறகே திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரிக்குப் போனார். அவருடைய குழந்தைப் பாடல்கள் நீதி சொல்வதற்கு முன் பார்க்கச் சொல்கின்றன. பசுவும் கன்றும் பற்றிய பாட்டில் குழந்தைக்கு எந்த உபதேசமும் இல்லை. மேய்வது, துள்ளிக் குதிப்பது, நக்குவது, பால் குடிப்பது என்று தோட்டத்தில் தினம் காணும் செயல்கள் மட்டும் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வினை. ஒவ்வொன்றையும் வகுப்பில் நடித்துக் காட்டலாம். ஆத்திசூடியில் தொடங்கிய மொழிப் பயிற்சிக்கு இது பெரிய திருப்பம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருந்த ஒருவர் இந்தத் திருப்பத்தைச் செய்தது தற்செயலாக இருக்க முடியாது.

வால்டோர்ஃப் முறையோடு ஒப்பீடு

1919 செப்டம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டோர்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக முதலாளி எமில் மோல்ட் ஒரு பள்ளி தொடங்கினார். அதை வடிவமைத்தவர் ருடால்ஃப் ஸ்டைனர். குழந்தைப் பருவத்தை ஏழேழு ஆண்டுகளாக அவர் பிரித்தார். பால்பல் விழும் பருவம்வரை குழந்தை கண்டதைச் செய்து கற்கும், அதன்பிறகு படத்தாலும் கதையாலும் கற்கும் என்பது அவர் கருத்து. முதல் வகுப்பின் முதல் பாடம் ஒரு நேர்கோடும் ஒரு வளைகோடும். எழுத்துகள் படங்களிலிருந்து பிறக்கும். வாசிப்பு எழுத்துக்குப் பின்னால் வரும். அச்சுப் பாடநூலுக்குப் பதில் பிள்ளைகள் தாங்களே குறிப்பேடு தயாரிக்கிறார்கள். ஒரே வகுப்பாசிரியர் எட்டாம் வகுப்புவரை கூடவே வருவதுண்டு.

கை முந்தி, கண் பிந்தி என்ற வரிசை ஆசான் பள்ளிக்கும் வால்டோர்ஃபுக்கும் பொது. பல ஆண்டுகள் ஒரே ஆசிரியரோடு இருப்பதும் பொது. வேறுபாடு வயதில் வருகிறது. ஸ்டைனர் ஒரே வயதுக் குழந்தைகளை ஒன்றாகவே நகர்த்துகிறார். ஆசானோ ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நகர்த்தினார். ஏழாண்டுக் கணக்குக்குப் பிற்கால உளவியல் போதிய ஆதரவு தரவில்லை. வாசிப்பைத் தள்ளிப்போடுவது குறித்தும் பெற்றோரிடையே தயக்கம் உண்டு. இந்தியாவில் 1997-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய ஸ்லோகா இவ்வகைப் பள்ளிகளில் முன்னோடி. தமிழகத்தில் கோவையின் எல்லோ டிரெய்ன் பள்ளி இம்முறையைத் தழுவியது. இவை கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்களுக்கானவை.

அட்டையும் ஏணியும்

ஸ்டைனர் பிரம்மஞான சங்கத்தின் ஜெர்மன் பிரிவுச் செயலாளராக இருந்தவர். அடையாற்றில் இருந்த அந்தச் சங்கத்தின் தலைமை, இளைஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக ஆசானாக முன்னிறுத்தியதை ஏற்காமல் 1912–13-இல் பிரிந்தார். அந்தக் கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளை உருவாக்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-இல் அந்த அட்டை முறையை எடுத்துக்கொண்டன. 2007-இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலத்தின் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது வந்தது. இவ்வாறு குமரி மாவட்டத்துக்கும் வந்தது.

வகுப்பறையின் தோற்றமே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடிப்பகுதியில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே பிள்ளைகள் வரைந்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். குழந்தை, கற்றல் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, உரிய சின்னம் போட்ட அட்டையைத் தானே எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். முடித்தால் அடுத்த படி. நான்கு நாள் வராமல் இருந்து வந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வகுப்புகள் கலந்து உட்கார்ந்தன, ஆசிரியர் தரையில் அமர்ந்தார். ஆசான் பள்ளியின் தனிவேகம் கோதண்டம் இல்லாமலும், சாதித் தடை இல்லாமலும் திரும்பியது. அட்டை கிழிவதும் தொலைவதும், பதிவேடுகள் பெருகுவதும், பாடநூல் கையில் இல்லையே என்ற பெற்றோர் கவலையும் அதன் குறைகளாகச் சொல்லப்பட்டன. பல குடும்பங்கள் ஆங்கிலவழி நர்சரிப் பள்ளிகளை நாடின.

இன்றைய நிலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரியின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழக மாவட்டங்களில் முதலிடம். 2019-இல் மாநிலத்தின் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. கொரோனா கால இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பித்தது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் ஆகியன அதில் இடம்பெற்றன.

எழுத்தறிவு பரவிய மாவட்டத்தில் இப்போது கேள்வி சேர்க்கையைப் பற்றியது அல்ல. நான்கு வயதுக் குழந்தை கோடுபோட்ட நோட்டில் எழுத்துகளை நிரப்ப வேண்டுமா, அதன் கைக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் தேவையா என்பதே கேள்வி. பெல்லைக் கவர்ந்த மணலும், ஸ்டைனரின் முதல்நாள் கோடும், செயல்வழிக் கற்றலின் கீழ்மட்டக் கரும்பலகையும் இதற்கு ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் தருகின்றன. அவற்றுள் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றி எட்டியது கடைசியாக வந்த ஒன்றுதான்.