நாற்பதா, நாற்பத்திரண்டா?

பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் அதைப் பார்த்ததெல்லாம் அமெரிக்க சினிமாவில்தான். ஆனால் ஜப்பானியரின் பேஸ்பால் சரித்திரத்தில் ஒரு கணக்குத் தகராறு உண்டு. அதைப் படித்த நாள் முதலாக அதில் சம்பந்தப்பட்ட மனிதரை என்னால் மறக்க முடியவில்லை.

1939-ம் வருஷம் டோக்கியோவின் கியோஜின் குழுவுக்காகப் பந்து வீசிய ஒருவர், அந்த ஒரு பருவத்திலேயே 42 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். அந்த வருஷம் குழு ஆடியது 96 ஆட்டங்கள், ஜெயித்தது 66. அதாவது வெற்றிகளில் பாதிக்கு மேல் அவர் ஒருவருடைய கை வண்ணம். யுத்தத்துக்குப் பிறகு பழைய ஏடுகளைப் புரட்டிச் சரிபார்த்தவர்கள், அவற்றில் இரண்டு வெற்றிகள் அவருக்குச் சேர வேண்டியவை அல்ல என்று தீர்மானித்து, 42 என்பதை 40 என்று திருத்திவிட்டார்கள். 1961-ல் இனாவோ கஸுஹிஸா என்ற வேறொரு வீரர் 42 ஆட்டங்களை ஜெயித்தார். இது புதிய சாதனையா, பழைய சாதனைக்குச் சமமா என்ற கேள்வி எழுந்தது. மறுபடியும் ஏடுகளைப் புரட்டினார்கள். ஆட்டம் நடந்த அன்று கணக்கு எழுதியவர் எழுதினது எழுதினதுதான், பின்னால் வந்தவர்கள் அதை மாற்றக்கூடாது என்று 1962-ல் முடிவாயிற்று. பறித்த இரண்டு வெற்றிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

திருப்பிக் கொடுத்தார்கள் என்கிறேனே, வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இறந்து ஐந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

அவர் பெயர் விக்டர் ஸ்டார்ஃபின். பெயரைக் கேட்டாலே ஜப்பானியர் அல்ல என்று தெரிகிறது. ருஷ்யர் என்று சொல்லலாமென்றால், அவர் பிறந்த ருஷ்யா அவருக்கு நினைவு தெரிவதற்கு முன்பே மறைந்து போயிற்று. ஒன்பதாவது வயதில் ஜப்பானுக்கு வந்து, அங்கேயே படித்து, ஆடி, கல்யாணம் செய்துகொண்டு, குழந்தைகள் பெற்று, அங்கேயே இறந்தார். ஆனாலும் கடைசிவரை அவர் எந்த நாட்டுக்கும் பிரஜை அல்ல.

விளையாட்டைத் தொழிலாக எடுத்துக்கொள்கிறவர்களின் கதை சாதாரணமாக ஒரே மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் பேர் வாங்குவார்கள். யாராவது பெரிய மனிதர் கண்ணில் படுவார்கள். வீட்டில் எதிர்ப்பு இருக்கும், ஆசை ஜெயிக்கும். ஸ்டார்ஃபின் கதையில் முதல் இரண்டு கட்டங்களும் உண்டு. ஆசைதான் இல்லை. தொழில் ஆட்டக்காரராக வேண்டாம் என்று எண்ணியிருந்தவர் ஒரு தொழில் குழுவில் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த விதத்தைத்தான் நான் சொல்ல வந்தது.

அவர் பிறந்தது 1916-ம் வருஷம் மே மாதம் முதல் தேதி, யூரல் மலைப் பக்கத்தில் நிஷ்னி தாகில் என்ற ஊரில். மறு வருஷமே புரட்சி. தகப்பனார் கான்ஸ்டான்டின் ஜார் மன்னர் பக்கத்து மனிதர். ஆகையால் அங்கே இருக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷனும் மனைவியும் கிழக்கே கிழக்கே என்று ஸைபீரியாவைக் கடந்து, மஞ்சூரியாவில் ஹார்பின் நகரத்தை அடைந்து, 1925-ல் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குடியேறியது வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவின் அஸாஹிகாவா பட்டணம். குளிருக்குப் பேர் போன ஊர். 1902-ல் அங்கே பதிவான மைனஸ் 41 டிகிரிதான் ஜப்பானின் சர்க்கார் ஏட்டில் இன்றுவரை மிகக் கடுங்குளிர். இன்னொரு விசேஷமும் உண்டு. ஜப்பானியச் சேனையின் ஏழாவது டிவிஷன் பாசறை அமைத்திருந்த ஊர் அது. ருஷ்யாவுடன் நடந்த யுத்தத்தில் போர் புரிந்து, வடக்கே ருஷ்யாவைக் கண்காணிப்பதற்கென்றே இருந்த சேனை. அந்த ஊரில் போய் ஒரு ருஷ்யக் குடும்பம் அடுப்பு மூட்டிற்று.

பையன் வளர்ந்தான். வளர்ந்தான் என்றால் சக மாணவர்களின் தலைக்கு மேலே வளர்ந்தான், ஆறேகால் அடி. அவ்வளவு உயரத்திலிருந்து அவன் வீசுகிற பந்தை அடிப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாத்தியமாக இல்லை. கிரிக்கெட்டில் போலப் பந்தைத் தரையில் குத்தி எழும்ப விடுகிற ஆட்டம் அல்ல இது. அடிப்பவனைத் தாண்டி நேரே பின்னாலிருப்பவன் கையுறைக்குள் போய் விழ வேண்டும். அஸாஹிகாவா நடுநிலைப் பள்ளி, அவன் ஒருவனை நம்பியே ஹொக்கைடோ பந்தயங்களின் இறுதி ஆட்டம் வரை இரண்டு வருஷம் தொடர்ந்து வந்தது. அதை ஜெயித்தால் கோஷியென் மைதானத்தில் நடக்கும் அகில ஜப்பான் பள்ளிப் பந்தயத்துக்குப் போகலாம். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அது தீர்த்த யாத்திரை மாதிரி. இரண்டு வருஷமும் தோற்றார்கள். ஒன்பது பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருவன் கை மட்டும் நன்றாயிருந்து பிரயோசனமில்லை.

அவனுக்கு அப்போதிருந்த ஆசை வாஸேதா சர்வகலாசாலையில் சேர வேண்டும் என்பதுதான். அந்தக் காலத்தில் ஜப்பானில் பேஸ்பாலின் கௌரவமெல்லாம் சர்வகலாசாலைகளிடம் இருந்தது. காசுக்கு ஆடுவது மட்டமான காரியம் என்ற எண்ணமும் பரவியிருந்தது. கல்வி இலாகா 1932-ல் ஓர் உத்தரவே போட்டிருந்தது: மாணவர்கள் தொழில் ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ஆடக்கூடாது. ஆடினால் மேல் படிப்பின் கதவு சாத்தப்படும்.

இந்தச் சமயத்தில்தான் ஷோரிகி மட்ஸுதாரோ வருகிறார். 'யோமியூரி' பத்திரிகையின் முதலாளி. அதற்கு முன்பு டோக்கியோ போலீஸில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் முதலிய அமெரிக்க சூரர்களை 1934-ம் வருஷம் ஜப்பானுக்கு வரவழைத்து ஆட வைப்பது அவருடைய ஏற்பாடு. பத்திரிகை விற்பனைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் எதிரே நின்று ஆட ஜப்பானிய வீரர்கள் வேண்டாமா? உத்தரவுக்குப் பயந்து சர்வகலாசாலைகள் மாணவர்களை அனுப்ப முடியாது. ஆகவே படிப்பை விட்டுவிட்டு வரக்கூடியவர்களைத் தேடினார்கள். கண் அஸாஹிகாவா மேல் விழுந்தது.

பையன் மாட்டேன் என்றான். ஆனால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் திராணி எவ்வளவு? அவன் தகப்பனார் அப்போது சிறையில் இருந்தார். அவர் ஊரில் ஒரு தேநீர்க் கடை நடத்தி வந்தார். அங்கே வேலை பார்த்த ருஷ்யப் பெண் ஒருத்தி இறந்துபோன வழக்கில் அவர் மாட்டிக்கொண்டிருந்தார். அது போதாதென்று, அந்தக் குடும்பம் ஜப்பானில் இருந்ததே வேறு தேசத்துக்குப் போகும் வழியில் தங்கிச் செல்வதற்கான அனுமதியில்தான். ஒன்பது வருஷமாக வழிப்போக்கர்கள்! சர்க்கார் நினைத்தால் எந்த நிமிஷமும் வெளியேறச் சொல்லலாம். வெளியேறி எங்கே போவது? திரும்பிப் போனால் புரட்சிக்காரர்களின் பூமி.

பத்திரிகை முதலாளியின் ஆட்கள் இந்த இரண்டு முடிச்சையும் அறிந்தே வந்தார்கள். அவன் வந்தால் தகப்பனாருக்கும் நல்லது, தாயாருக்கும் நல்லது. வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவனே யோசித்துக்கொள்ளலாம். பேரத்தின் சாரம் இவ்வளவுதான். பதினெட்டு வயதுப் பையன். வாஸேதாவை மறந்துவிட்டான்.

நான் கதை எழுதுகிறவன். அந்த நவம்பர் மாதத்து ரயிலடியை என்னால் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெளியே பனி. பக்கத்தில் தாயார். அஸாஹிகாவாவிலிருந்து ஹாகொடாதே வரை ரயில், அங்கிருந்து கப்பலில் ஜலசந்தியைக் கடந்து ஆவோமோரி, மறுபடியும் ரயில். இத்தனை தூரமும் அவன் என்ன எண்ணியிருப்பான்? பேப் ரூத்துக்குப் பந்து வீசப் போகிறோம் என்று எந்தப் பையனுக்கும் உள்ளம் துள்ளும். இவனுக்கும் ஒரு கணம் துள்ளியிருக்கலாம். துள்ளினால் அதற்காகவே தன்மேல் கோபமும் வந்திருக்கும்.

நவம்பர் 29-ம் தேதி ஒமியா மைதானத்தில் அமெரிக்கர்களுக்கு எதிராக அவன் பந்து வீசினான். அதற்கு ஒன்பது நாள் முன்னதாக, ஷிஸுவோகாவில், இவனைப் போலவே பள்ளிப் படிப்பை விட்டு வந்த ஸவாமுரா எய்ஜி என்ற பதினேழு வயதுப் பையன் ரூத், கெரிக், ஃபாக்ஸ் உள்பட நான்கு பேரை வரிசையாக வீழ்த்தி, கடைசியில் கெரிக்கின் ஒரே அடியில் 1-0 என்று தோற்றுப் புகழ் அடைந்திருந்தான். அந்த டிசம்பரிலேயே குழு நிரந்தரமான தொழில் குழுவாகப் பதிவாயிற்று. மறு வருஷம் அமெரிக்கா போய் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிற்று. 1936-ல் ஜப்பானில் தொழில் லீக் ஆரம்பமாயிற்று. இந்த இரண்டு பையன்களும் அதன் தூண்கள்.

விரும்பி வராத தொழிலில் ஸ்டார்ஃபின் சாதித்ததை முன்னமே சொன்னேன். 1939-ல் 42, அடுத்த வருஷம் 38. இரண்டு வருஷமும் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே. அந்த 1940-ல்தான் தேசபக்தி ஆட்டத்துக்குள் புகுந்தது. அன்னியச் சொற்கள் ஆகாது, அன்னியப் பெயர்கள் ஆகாது என்றார்கள். 'விக்டர்' என்றால் ஜெயிப்பவன் என்று அர்த்தம். ஜெயித்துக்கொண்டே இருந்தவருடைய அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 'சுதா ஹிரோஷி' என்று வைத்தார்கள். நம் காதுக்குப் பாதிப் பெயர் பெண் பெயராகக் கேட்கும். அவர் காதுக்கு எப்படிக் கேட்டதோ!

பெயர் ஜப்பானியப் பெயர். ஆள் ஜப்பானியர் அல்ல. பிரஜா உரிமை கேட்டும் கிடைக்கவில்லை. 1944-ல் குழுவிலிருந்து விலக்கி, மலைவாசஸ்தலமான காருயிஸாவாவில் மற்ற அன்னியர்களோடு காவலில் வைத்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, மூன்றாவது தடவையாகப் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்ட ஸவாமுரா, கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மாண்டார். ஒரே குழுவில் ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள். ஒருவரைத் தன் பிள்ளை என்று சொல்லித் தேசம் பலி வாங்கிக்கொண்டது; மற்றவரைத் தன் பிள்ளை அல்ல என்று சொல்லி அடைத்து வைத்தது. உயிர் தப்பியது பின்னவர்தான். அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

யுத்தம் முடிந்ததும் சிறிது காலம் அமெரிக்க சேனைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1946-ல் மறுபடியும் பந்தை எடுத்தார். ஆனால் கியோஜின் குழுவுக்குத் திரும்பிப் போகவில்லை. பழைய மானேஜர் புஜிமோட்டோ ஸதயோஷி நடத்திய பஸிபிக் குழுவில் சேர்ந்தார். என் அபிப்பிராயத்தில், அவர் ஆயுளில் தாமாகவே விரும்பிக் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். முப்பது வயதில்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தது. பிறகு குழுவுக்குக் குழு மாறி, 1955-ல், கடைசி இடத்தில் கிடந்த டொம்போ யூனியன்ஸ் குழுவுக்காக ஆடுகையில், 300 வெற்றி கண்ட முதல் ஜப்பானியத் தொழில் வீரர் ஆனார். பார்த்தீர்களா, ஜப்பானியத் தொழில் வீரர் என்று நானே எழுதிவிட்டேன். வேறு எப்படி எழுதுவது? 303 வெற்றிகளோடு அந்த வருஷமே ஓய்வு பெற்றார்.

1957-ம் வருஷம் ஜனவரி 12-ம் தேதி இரவு, டோக்கியோவில் ஸெதகாயா பகுதியில், அவர் ஓட்டிச் சென்ற கார் டிராம் வண்டியோடு மோதிற்று. வயது நாற்பது.

அதற்குப் பிறகு மரியாதைகள் வந்தன. 1960-ல் ஜப்பானியப் பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அங்கே இடம் பெற்ற முதல் அன்னியர் அவர்தான். 1962-ல் அந்த இரண்டு வெற்றிகள் திரும்பி வந்தன. 1980-க்குப் பிறகு அஸாஹிகாவா நகரத்தார் தங்கள் மைதானத்துக்கு ஸ்டார்ஃபின் மைதானம் என்று பெயர் வைத்து, வெளியே சிலையும் நிறுத்தினார்கள். சுதா ஹிரோஷி மைதானம் என்று வைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களை நான் இதற்காகவே வணங்குகிறேன்.

இருந்தாலும் ஒன்று மனத்தில் உறுத்துகிறது. இரண்டு ஆட்டங்களின் வெற்றி யாருக்குச் சேரும் என்பதைப் பழைய ஏடுகளைத் தேடி எடுத்து, இருபத்துமூன்று வருஷம் கழித்தாவது நேர் செய்யப் பொறுப்புள்ள மனிதர்கள் இருந்தார்கள். அந்த மனிதர் எந்த நாட்டுக்குச் சேருவார் என்ற கேள்வி முப்பத்திரண்டு வருஷம் மேஜை மேல் கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.