வாட்டம் பார்த்துப் பிறந்த தோட்டம்

ரஷ்யாவை ஆண்ட முதலாம் பீட்டர், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் தன் பெரிய அரண்மனையைக் கட்ட முதலில் நினைத்த இடம் ஸ்ட்ரெல்னா. அவர் விரும்பிய உயரத்துக்கு நீரூற்றுகள் அங்கே எழ வேண்டுமானால், தண்ணீரை இயந்திரம் வைத்து ஏற்ற வேண்டும், இல்லையேல் அணை கட்டித் தேக்க வேண்டும்.

1717-இல் பிரான்சு சென்ற பீட்டர், வெர்சாய் தோட்டத்தைப் பார்த்திருந்தார். செய்ன் நதி நீரை மேலேற்ற அங்கே 14 பெரிய சக்கரங்கள் ஓயாமல் சுழன்றன. அப்படியும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் இயக்கப் போதுமான நீர் கிடைக்கவில்லை.

ஸ்ட்ரெல்னாவுக்கு மேற்கே, 1714 முதல் சிறிய மாளிகை ஒன்று எழுந்துகொண்டிருந்த பீட்டர்ஹோஃபில் நிலைமை வேறு. அதன் தெற்கே ரோப்ஷா மேட்டு நிலம். அங்கே வற்றாத ஊற்றுகள். நிலம் கடலை நோக்கித் தானாகவே இறங்குகிறது. பீட்டர் நேரில் போய் அந்த மேட்டைப் பார்த்தார். பொறியாளர் வசிலி துவோல்கோவ் கால்வாய்க்கு வழி குறித்தார். படைவீரர்கள் மண்வெட்டியோடு இறங்கி வெட்டினார்கள். 1721 ஆகஸ்டில் தண்ணீர் பீட்டர்ஹோஃபை வந்தடைந்தது. வழியெங்கும் குளங்களில் தேங்கி, மதகு திறந்ததும் குழாய்களில் பாய்ந்து, மேட்டிலிருந்து இறங்கிய வேகத்திலேயே வானை நோக்கி எழுந்தது. ஏற்றுப்பொறி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

மற்ற எல்லாம் அந்த நீரைத் தொடர்ந்து வந்தவையே. 1735-இல், சுவீடனைப் பொல்தாவாவில் வென்றதன் 25-ஆம் ஆண்டு நினைவாக, சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலை நிறுவப்பட்டது. அந்த வாயிலிருந்து நீர் ஏறத்தாழ 20 மீட்டர் எழும். பிறகு அரசி எலிசபெத்துக்காகக் கட்டடக் கலைஞர் ரஸ்த்ரெல்லி மேலே இருந்த அரண்மனையைப் பெரிதாக்கினார்.

1941 முதல் 1944 வரை ஜெர்மன் படை இங்கே இருந்தது. அரண்மனை எரிந்து சிதைந்தது. சாம்சன் சிலை காணாமல் போனது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், நீரூற்றுகள் மீண்டும் இயங்கின. சிற்பி சீமோனவ் உருவாக்கிய புதிய சாம்சன் 1947-இல் வந்து சேர்ந்தது. அரண்மனையைச் சீரமைக்கும் பணியோ பல்லாண்டுகள் நீண்டது.

சிலையை மறுபடி வார்க்கலாம், சுவருக்கு மறுபடி பொன் பூசலாம். இவற்றையெல்லாம் உயிரோடு வைத்திருப்பது ரோப்ஷாவிலிருந்து வரும் அந்தக் கால்வாய்தான். பீட்டர்ஹோஃபின் பெருமையைப் பேசும்போது அரசர்களின் பெயரோடு துவோல்கோவின் பெயரையும், மண் வெட்டிய அந்தப் படைவீரர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.