வடித்தவள் வேறு, ருசி பார்த்தவன் வேறு

ஐம்பது மதிப்பெண்ணுக்கு ஒரு தாள். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய்க்குள் அது உட்காரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. பதினெட்டு வருடமாக விடைத்தாள் திருத்துகிறவளுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. திருத்த வேண்டியது மாணவியின் கட்டுரையை அல்ல, ஒரு பீரை என்பதுதான் புதிது.

ஒரு பருவம் தமிழ் கற்பிக்கக் கலிஃபோர்னியா போயிருந்தபோது எனக்கு மாடி அறையை வாடகைக்குத் தந்தவர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. வீட்டிலேயே பீர் வடிப்பார். அமெரிக்காவில் வீட்டில் பீர் வடிப்பவர்களின் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார்செய்ய 1985இல் தொடங்கிய சான்றிதழ்த் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் தேறிய நடுவர் அவர். மாதம் ஒருமுறை அவர் சாப்பாட்டு மேசையில் நான்கைந்து பேர் கூடிப் பயிற்சி எடுப்பார்கள். ஒரு சனிக்கிழமை என்னையும் உட்காரச் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள்.

மதுவைப் பற்றி ஒரு பெண் தமிழில் எழுதினால் முதலில் தன் நிலையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் குடியால் குடும்பம் குலைந்த பெண்களின் பெயர்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். சாராயக் கடைக்கு முன்னால் துடைப்பத்தோடு நின்ற பெண்களின் பக்கம்தான் நான். இந்தக் கட்டுரை குடிப்பதைப் பற்றியது அல்ல. ஒன்றை வாயில் வைத்து, இது இப்படி இருக்கிறது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்பதைப் பற்றியது.

அன்று மேசைக்கு வந்தது பார்லி ஒயின். பெயரில் ஒயின் இருந்தாலும் திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து காய்ச்சும் பீர்தான். ஆனால் சாதாரண பீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஆல்கஹால் என்றால் இதில் எட்டிலிருந்து பன்னிரண்டு. ஒயினின் வலு இருப்பதால் ஒயின் என்ற பெயர். அமெரிக்கர்கள் வடிப்பதில் ஹாப்ஸ் என்ற பூவை அள்ளிக் கொட்டுகிறார்கள். கசப்பை அளக்க ஓர் அலகு உண்டு, ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள் இருந்தால் ஒன்று. கடையில் விற்கும் லேசான பீர் பத்து, இருபதுக்குள் நிற்கும். சியரா நெவாடா நிறுவனம் 1983 முதல் வடிக்கும் 'பிக்ஃபுட்' தொண்ணூறு.

ருசி பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஜில்லென்று இருக்கக் கூடாது. அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். முதலில் மூக்கு. பூவின் வாசம் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் நிறம் பார்ப்பதற்கு முன்பே முகர்ந்து எழுதிவிட வேண்டும். ஒயின் நடுவர்களைப் போல் துப்புவதில்லை, விழுங்குகிறார்கள். கசப்பு விழுங்கிய பிறகும் நாக்கில் நின்று பேசும், அதையும் கேட்க வேண்டும். ஆல்கஹால் நெஞ்சில் இதமான சூடாக இறங்கலாம், தொண்டையைச் சுடக் கூடாது. இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். வெறும் இனிப்பு பாகாகிவிடும், வெறும் கசப்பு கஷாயம். போட்டிகளில் இதைக் கடைசியில்தான் கொண்டுவருவார்களாம். இதற்குப் பிறகு வேறெதையும் மதிப்பிட நாக்கு மிஞ்சாது.

தாளில் உதாரணத்துக்குச் சில சொற்கள் அச்சிட்டிருந்தார்கள். டாஃபி, பைன் மரப் பிசின், கிரேப்ஃப்ரூட். என் மூக்குக்குக் கருப்பட்டிப் பாகு முறுகும் வாசம் வந்தது. அதற்கு மேலே நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறியது போல ஒன்று. வாயில் வைத்ததும் பேரீச்சை, பிறகு நீண்ட கசப்பு. சுண்டைக்காய் வற்றலின் கசப்பு இல்லை. வேப்பம்பூ ரசத்தின் கசப்புக்குக் கொஞ்சம் பக்கம். இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்றும் இருந்தது, மழையில் நனைந்த பழைய நோட்டுப் புத்தகத்தின் வாசம். அதை எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருந்தவர் முகத்தில் முழு திருப்தி. எனக்கென்ன தெரியும் என்று அந்த வரியை அடித்துவிட்டேன்.

எல்லோரும் தாளைக் கீழே வைத்த பிறகு அந்த அம்மாள் சொன்னார்: "காற்றுப் பட்டிருக்கிறது. நனைந்த காகித வாசம் வருகிறதே, யாரும் எழுதவில்லையா?" பிறகு என் தாளை எட்டிப் பார்த்தார். அடித்த கோட்டுக்குக் கீழே நான் எழுதியிருந்தது தமிழில். அவருக்குப் புரிய வழியில்லை. "இங்கே என்ன இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பானத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இங்கிலாந்தில் 1300 வாக்கில் ஏல் வடித்து விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1600க்குள் அது ஆண்களின் தொழிலாகிவிட்டது. இந்த முந்நூறு ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை மானர் நீதிமன்றப் பதிவேடுகளை வைத்து ஜூடித் பென்னட் 1996இல் ஒரு புத்தகமாக எழுதினார். பெண்ணிய வரலாறு படிக்கும் மாணவிகள் தேடிப் படிக்க வேண்டியது அது. அன்றைய ஏலில் ஹாப்ஸ் கிடையாது. பார்லி, தண்ணீர், நொதி, அவ்வளவுதான். சில நாட்களில் புளித்துவிடும். அதனால் பெரிய அளவில் வடித்து வைக்க முடியாது. வீட்டுக்குக் காய்ச்சும்போது கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சி, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்பார்கள். இந்த வாரம் இவள் வீட்டில், அடுத்த வாரம் அவள் வீட்டில். நம் ஊரில் மாவரைத்து விற்கும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

வடித்தது அவள். சரியா என்று பார்க்க அரசாங்கம் ஓர் ஆளை வைத்தது. 1266-67 வாக்கில் வந்த ரொட்டி, ஏல் சட்டம் தானிய விலைக்கு ஏற்ப ஏலின் விலையைக் கட்டியது. அதை நடைமுறைப்படுத்த ஊருக்கு ஊர் 'ஏல் சுவைப்பவர்' நியமிக்கப்பட்டார். புதிதாக வடித்தவள் அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர் வந்து குடித்துப் பார்த்துத் தரமும் விலையும் சொல்வார். அரிதான விதிவிலக்குகளைத் தவிர அந்தப் பதவியில் இருந்தவர்கள் ஆண்கள். ஆயுள் முழுக்க ஏல் வடித்த ஒருத்தி, அடுத்த தெருக்காரியின் ஏல் நன்றாக இருக்கிறது என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல முடியாது. பல ஊர்களின் பதிவேட்டில் அவள் கட்டிய அபராதம்கூடக் கணவன் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் அம்மா சாமிக்குப் படைக்கும் நாட்களில் உப்புப் பார்க்காமல்தான் சமைப்பாள். அது பக்தி. மற்ற நாட்களிலும் பார்க்க மாட்டாள், அது பழக்கம். முதல் கவளம் வாயில் வைத்து "உப்பு தூக்கல்" என்று சொல்வது அப்பாவின் வேலை. அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

மார்ஜரி கெம்ப் என்ற பெண்ணைச் சொல்லாமல் போக முடியாது. லின் நகரத்துக்காரி, பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தவள். எழுதத் தெரியாததால் பிறரிடம் சொல்லி எழுதவைத்த அவள் வாழ்க்கைக் கதை இன்று ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறாகப் படிக்கப்படுகிறது. மூன்று நான்கு ஆண்டுகள் ஊரின் பெரிய ஏல் வடிப்பாளர்களில் ஒருத்தியாக இருந்தாள். பிறகு மேலே அழகாக எழும்பிய நுரை திடீர் திடீரென்று அமிழத் தொடங்கியது. பணம் போயிற்று, வேலையாட்கள் வெட்கப்பட்டு விலகினார்கள். தன் அகந்தைக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அவள் முடிவு செய்தாள். நுண்ணுயிர் பற்றி யாருக்கும் தெரியாத காலம். ஆனாலும் தொழில் நொடித்தால் தன் குணத்தில் குற்றம் தேடும் அந்த வேகம் எனக்கு மிகவும் தெரிந்ததாக இருக்கிறது.

இனி ஹாப்ஸ். இந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. பீருக்கு வேண்டியது பெண் கொடியின் பூக்கூம்பு மட்டும்தான். மகரந்தம் பட்டு விதை பிடித்துவிடாமலிருக்க இன்றைய தோட்டங்களில் பெரும்பாலும் ஆண் கொடியை அண்டவிடுவதில்லை. அதன் காக்கும் குணத்தை எழுதிவைத்தவர்களிலும் ஒரு பெண் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட், ஹாப்ஸ் மனச்சோர்வைக் கூட்டும், ஆனால் பானம் கெடாமல் தடுக்கும் என்று குறித்திருக்கிறார். ஆணை ஒதுக்கி வைக்கும் இந்தக் கொடிதான் பெண்ணைத் தொழிலைவிட்டு வெளியேற்றியது என்பதை வரலாற்றின் கேலி என்றுதான் சொல்ல வேண்டும்.

கொடி மட்டும் வெளியேற்றவில்லை, கொடியோடு வந்த கணக்கு வெளியேற்றியது. ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் 1574இல் ஹாப்ஸ் பயிரிடுவது பற்றி ஆங்கிலத்தில் ஒரு கையேடு போட்டார். ஒரு புஷல் மால்ட்டில் எட்டு ஒன்பது காலன் ஏல்தான் வரும், ஹாப்ஸ் சேர்த்த பீர் என்றால் பதினெட்டு இருபது காலன் வரும் என்கிறார். கெடாது என்பதால் அந்தப் பீரை இருப்பு வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், படைக்கு அனுப்பலாம். ஆனால் பூவைக் கசப்பு இறங்க நெடுநேரம் கொதிக்கவைக்கப் பெரிய செப்புக் கொப்பரை வேண்டும், விறகு வேண்டும், பீப்பாய் வேண்டும், கூலியாள் வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க முதல் வேண்டும். சொத்தும் கடனும் தன் பெயரில் இல்லாத மனைவிக்கு, பிடிமானமில்லாத விதவைக்கு எங்கிருந்து வரும்? யாரும் தடைச் சட்டம் போட்டு அவளை விரட்டவில்லை. கொப்பரை பெரிதாகிக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

அதே ஸ்காட் பத்து வருடம் கழித்து, 1584இல், இன்னொரு புத்தகம் எழுதினார். சூனியக்காரிகள் என்று பிடிக்கப்படும் ஏழைக் கிழவிகள் நிரபராதிகள் என்று வாதிட்ட புத்தகம். பீரையும் சூனியத்தையும் தொட்ட இந்த மனிதரைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மாணவி ஒருத்தி உற்சாகமாக ஒரு செய்தி அனுப்பினாள். கூம்புத் தொப்பி, துடைப்பம், கொப்பரை, பூனை, இவையெல்லாம் ஏல் விற்ற பெண்களின் அடையாளம், அவர்களை ஒழிக்கத்தான் சூனியக்காரி என்ற உருவத்தைக் கட்டினார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆதாரம்தான் இல்லை. நமக்குச் சாதகமான கட்டுக்கதையையும் கட்டுக்கதை என்றே அவளுக்குப் பதில் எழுதினேன். கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

அவதூறுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அது கவிதையில் கிடைக்கிறது. எட்டாம் ஹென்றிக்குச் சிறுவயதில் பாடம் சொன்ன ஜான் ஸ்கெல்டன், எலினர் ரம்மிங் என்ற ஏல்காரியைப் பற்றி நீண்ட கவிதை ஒன்று எழுதினார். மூக்கு ஒழுகுகிற, தோல் சுருங்கிய கிழவி. அவள் ஏல் தொட்டிக்கு மேலே கோழி அடைகிறது, எச்சம் உள்ளே விழுகிறது. கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு பெண் அதே லெதர்ஹெட் ஊரில் 1525இல் நீதிமன்றப் பதிவில் வருகிறாள். அபராதம் இரண்டு பென்ஸ். குற்றம், சிறிய அளவையில் அதிக விலைக்கு விற்றது. அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வலுவான பீரின் பிற்காலக் கதை கோட்டைகளிலும் மாளிகைகளிலும் நடக்கிறது. நிலப்பிரபு வீட்டில் ஆண் வாரிசு பிறந்ததும் கெட்டியாக ஒரு பீப்பாய் வடித்து மூடிவைப்பார்கள். அவனுக்கு இருபத்தொரு வயது நிறையும் நாளில் திறப்பார்கள். பார்லி ஒயினின் மூதாதை இதுதான். மகள் பிறந்ததற்காக மூடிவைத்த பீப்பாய் எதையும் நான் இதுவரை படிக்கவில்லை. பிறகு பர்ட்டன் நகரத்தின் பாஸ் ஆலை தன் 'நம்பர் 1' ஏலை அந்தப் பெயரில் விற்றது. அந்த ஆலைகளுக்கான ஹாப்ஸைக் கென்ட் தோட்டங்களில் செப்டம்பர்தோறும் பறித்தவர்கள், குழந்தைகளை இழுத்துக்கொண்டு கிழக்கு லண்டனிலிருந்து வந்த ஏழைப் பெண்கள்.

அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுபோனது சான் ஃப்ரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை, 1975இல். அடுத்த ஆண்டு சொனோமாவில் தொடங்கிய நியூ ஆல்பியன், இன்றைய சிறு பீராலைகளுக்கெல்லாம் முன்னோடி என்பார்கள். ஜாக் மெக்காலிஃபின் பெயரைச் சொல்வார்கள். அவரோடு அதைத் தொடங்கியவர்கள் சூஸி ஸ்டெர்ன், ஜேன் ஸிம்மர்மன் என்ற இரு பெண்கள். அந்த மேசையில் இருந்த ஆண்களில் ஒருவருக்கும் இந்தப் பெயர்கள் தெரியவில்லை.

தமிழ் படித்தவளுக்கு இதையெல்லாம் படிக்கும்போது பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வராமல் இருக்காது. கள் சமைக்கும் பெண்கள் கிண்ணம் கழுவிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் புரளும் ஒரு காட்சி அதில் உண்டு. அவர்களுக்குப் பெயர் இல்லை. பெயருள்ளவள் ஔவை. அதியமான் மகன் எழினி தனக்கு ஊற்றிய பழந்தேறலின் வலுவைத் தேள் கொட்டும் கடுப்போடு ஒப்பிட்டுப் பாடுகிறாள், புறநானூற்றின் 392ஆம் பாட்டு. பரிசில் பெற வாசலில் நின்றவள்தான். ஆனாலும் வாயில் பட்டதைத் தன் சொல்லில் சொல்லிவிட்டாள். இருபது வருடமாக அந்தப் பாட்டை உவமை அணிக்கு எடுத்துக்காட்டாக நடத்தியிருக்கிறேன். அது நாக்கில் பட்ட ஒன்றைப் பற்றிய தீர்ப்பு என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அதே ஆலையின் இன்னொரு புட்டியைத் திறந்தார் அந்த அம்மாள். இருவர் மட்டும். இது முந்தைய ஆண்டு வடித்தது. கசப்பு கொஞ்சம் தளர்ந்து, கருப்பட்டி முன்னால் வந்திருந்தது. நனைந்த காகிதம் இல்லை. கடைசி மடக்கில் தொண்டை லேசாகச் சுட்டது. தேள் என்று தமிழில் எழுதி, பக்கத்தில் அவருக்காக ஆங்கிலத்திலும் எழுதினேன். "கொட்டியிருக்கிறதா உங்களை?" என்று கேட்டார். சின்ன வயதில், விறகு எடுக்கும்போது, இடது கையில் என்றேன். அவர் 39 போட்டிருந்தார். நான் 34. ஏன் ஐந்து குறைவு என்று முக்கால் மணி நேரம் வாதாடினோம். நான் மாற்றவில்லை.